கண்மாய் காயும் நேரத்தில் காலாவதியாகும் பணம்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கண்மாய் வேலைக்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையும் பெரியாறு, வைகைத் தண்ணீரும் சேர்ந்து நிரப்பிய கண்மாய், அறுவடை வரை மடைவழியே வயலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பங்குனி பிறந்த பிறகுதான் அடிமண் தெரியத் தொடங்கும். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஊரே கச்சாவும் வலையுமாகக் கண்மாய்க்குள் இறங்கும் மீன்பிடித் திருவிழாக்கள் நடப்பதும் அதன் பிறகுதான். அப்போதுதான் ஜே.சி.பி. உள்ளே இறங்க முடியும். மடையைத் தோண்டிப் பார்க்க முடியும். கலுங்கில் எங்கே அரிப்பு என்று கண்ணால் காண முடியும். தண்ணீர் இருப்பு உள்ள ஆண்டில், பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கு ஜூனில் வைகை அணையைத் திறந்துவிடுவார்கள். மேலூர் வட்டாரத்து ஒருபோகப் பரப்புக்குச் செப்டம்பர் ஆகும். ஆக, பங்குனிக்கும் தண்ணீர் திறப்புக்கும் நடுவே உள்ள சில மாதங்கள்தான் கண்மாயைத் தொட்டு வேலை செய்யக் கிடைக்கும் நாட்கள்.

அரசாங்கத்தின் கணக்கு இந்தப் பருவத்தின் வாசலிலேயே மூடிவிடுகிறது. மார்ச் 31-க்குள் கருவூலத்தில் பட்டியல் ஏறாத பணம், அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை இல்லாத பணம். மண் வேலைக்குத் தயாராகும் அதே நாட்களில், வேலைக்கென்று ஒதுக்கிய தொகை காலாவதியாகிறது.

நம் ஊரில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. பழகிவிட்டதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. ஒரு வேலையைச் சரியாக முடித்து, அதில் மிச்சமும் பிடித்த அலுவலகத்துக்கு, அந்த மிச்சத்தில் ஒரு பங்கு மறு ஆண்டும் கையில் இருக்க வேண்டும். இன்றைய முறையில் அது இல்லை. இல்லாததால்தான் மார்ச் மாதம் இப்படி நடக்கிறது.

மிச்சம் பிடித்தவருக்கு விழும் அடி

லேப்ஸ், சரண்டர், ரீ-அப்ரோப்ரியேஷன். ஜனவரி பிறந்தால் அரசு அலுவலகங்களில் காதில் விழும் சொற்கள் இவை. இதுவரை ஆன செலவு என்ன, மார்ச்சுக்குள் ஆகப்போவது என்ன என்று துறைத் தலைமை கீழே உள்ள அலுவலகங்களிடம் கணக்குக் கேட்கும். மீதத்தைத் திருப்பி ஒப்படைத்தால் சரண்டர். ஒரு தலைப்பில் இருப்பதை இன்னொரு தலைப்புக்கு மாற்ற அனுமதி வாங்கினால் ரீ-அப்ரோப்ரியேஷன். இரண்டும் செய்யாமல் மார்ச் 31 கடந்துவிட்டால் லேப்ஸ்.

செலவாகாது என்று தெரிந்த பணத்தைக் காலத்தோடு சரண்டர் செய்ய வேண்டும் என்பது விதி. நிதித்துறை அதை வேறொரு தேவைக்குத் திருப்பலாம் அல்லவா? ஆனால் சரண்டர் செய்தவருக்கு விழும் அடி இரண்டு. இந்த ஆண்டுப் பணம் போகிறது. அடுத்த ஆண்டு மதிப்பீடு போடும்போது, "போன வருஷமே செலவாகலையே" என்று அந்த வருஷத் தொகையும் குறைகிறது. அது போக, தணிக்கை அறிக்கை வேறு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் மாநில நிதி பற்றி எழுதும் அறிக்கைகளில், செலவாகாமல் நின்ற தொகை குறைபாட்டுப் பட்டியலில்தான் வருகிறது. வேலை நடக்காததால் நின்றதா, வேலையைக் குறைந்த செலவில் முடித்ததால் நின்றதா என்பதைத் தொகையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மாதக் கடைசியில் ஆயிரம் ரூபாய் மிச்சம் வைத்த குடும்பத்துக்கு மறு மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயைப் பிடித்தால், எந்த வீட்டில் உண்டியல் இருக்கும்?

எனவே மார்ச்சில் செலவு நடக்கிறது. டோனர் வாங்குகிறார்கள், நாற்காலி வாங்குகிறார்கள், இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கக்கூடிய கம்ப்யூட்டரை மாற்றுகிறார்கள். கட்டுமான வேலைகளில் இதன் விலை இன்னும் பெரிது. வேலை முடிவதற்கும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அளவு ஏறுவதற்கும், அளவு ஏறுவதற்கும் பில் பாஸ் ஆவதற்கும் நடுவே இருக்க வேண்டிய நிதானம் மார்ச்சில் சுருங்கிவிடுகிறது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டிய நாட்களைத் தேதி தின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் கருவூல வேலை ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் வழியே கணினிக்கு மாறிவிட்டது. பில் கட்டோடு கருவூல வராந்தாவில் நிற்க வேண்டிய நிலை குறைந்தது நல்ல மாற்றம். அவசரம் மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் தேதி மாறவில்லை.

இது தவறு என்று தெரியாமல் யாரும் செய்யவில்லை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 62-ஆவது விதி, நிதியாண்டின் கடைசி மாதங்களில் செலவை அள்ளிக் கொட்டுவது நிதி ஒழுக்கத்தை மீறுவது என்றே சொல்கிறது. கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேல் கூடாது, மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் உச்சவரம்பும் வைத்தது. தடை போட்டார்கள். சேமிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை. உச்சவரம்பு வந்த பிறகு, கடைசி நாள் அவசரத்தில் ஒரு பகுதி டிசம்பருக்கு நகரலாமே தவிர, மிச்சம் பிடிக்க ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

சட்டமன்றத்தின் உரிமை

இந்த ஆண்டுக் கெடுவை வெறும் சிவப்பு நாடா என்று தள்ளிவிடக் கூடாது. அதற்குள் ஒரு மதிப்புள்ள உரிமை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 202-ஆவது கூறு, மாநில அரசு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வரவு செலவு அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது. 204-ஆவது கூறு, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறாமல் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்கிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கேள்வி கேட்டு, சம்மதம் தந்த பிறகே அதிகாரி பணத்தைத் தொட முடியும். ஒரு முறை வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு பத்து ஆண்டுக்குச் செலவு செய்யலாம் என்றால், அந்தக் கேள்வி செத்துப்போகும். இந்த உரிமையை விட்டுக்கொடுத்து வரும் எந்தச் சீர்திருத்தமும் எனக்கு வேண்டாம்.

ஆனால் மார்ச் 31 என்ற தேதிக்கு அப்படியொரு புனிதம் கிடையாது. 1867 வரை இந்தியாவில் கணக்காண்டு மே மாதம் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. பிரிட்டிஷ் அரசின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக ஏப்ரலுக்கு மாற்றினார்கள். 1984-இல் அமைந்த எல்.கே. ஜா குழு, பருவமழையைக் கருத்தில் கொண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 2016-இல் சங்கர் ஆச்சார்யா குழு மீண்டும் ஆராய்ந்தது. 2017-இல் மத்தியப் பிரதேசம் மாறப்போவதாக அறிவித்தது. எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. மதுரைக் கண்மாய்களைப் பொறுத்தவரை ஜா குழு சொன்ன ஆண்டு மிகப் பொருத்தமானது: பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் கணக்கின் நடுவே வந்து உட்காரும். நாடு முழுவதும் தேதியை மாற்றும் வரை கண்மாய் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாதே. வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒளித்து வைத்த சேமிப்பு

லேப்ஸ் பயத்தில் அதிகாரிகள் கண்டுபிடித்த வழி, பணத்தைக் கருவூலத்துக்கு வெளியே நிறுத்திவிடுவது. துறையின் கழகத்துக்கோ, சங்கத்துக்கோ, பி.டி. அக்கவுன்ட் எனப்படும் வைப்புக் கணக்குக்கோ மாற்றினால், புத்தகத்தில் செலவு என்று ஏறிவிடும். பணம் வங்கியில் கிடக்கும். உடனடியாகத் தேவைப்படாத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்ற பழைய விதிக்கு இது நேர் எதிர். அரசு ஏறத்தாழ ஏழு, எட்டு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்க, அதே அரசின் பணம் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குத் தூங்கும்.

மதுரை மத்தியத் தொகுதியிலிருந்து சென்று 2021 மே முதல் 2023 மே வரை நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன், 2021 ஆகஸ்ட் 9 அன்று மாநில நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். கருவூலத்துக்கு வெளியே முடங்கிக் கிடக்கும் பணத்தைத் தேடி மீட்பது அந்த நாட்களில் பேசப்பட்ட வேலைகளில் ஒன்று. மத்திய அரசும் அதே 2021-இல் தன் திட்டங்களுக்கு ஒற்றை முகமைக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. கீழே உள்ள அலுவலகங்களுக்கு இருப்பு இல்லாக் கணக்கு. செலவு செய்ய வரம்பு மட்டும் தரப்படும். ஆண்டு முடிந்தால் வரம்பும் முடிந்தது.

முடங்கிய பணத்தை வெளியே கொண்டுவர இது தேவைதான். ஆனால் இதன் சுமை சிறிய இடத்தில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அது தை, மாசியில் வந்து சேர்ந்தால், எந்தத் தலைமை ஆசிரியரும் கூரை ஒழுகலுக்கு அதைச் சேர்த்து வைக்க முடியாது. மழை ஐப்பசியில்தான் வரும், பணம் பங்குனிக்குள் தீர வேண்டும். வெள்ளையடிப்பார்கள். மறுபடி அடுத்த ஆண்டும் வெள்ளையடிப்பார்கள். இரண்டு ஆண்டு மானியத்தைச் சேர்த்து ஒரு தளத்தைச் சரிசெய்ய அனுமதித்திருந்தால், அந்தப் பணத்துக்கு ஒரு பொருள் இருந்திருக்கும்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி என்ற பொருளியலாளர்கள் இருவர் அரசுக் கொள்முதல் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். ஆண்டின் கடைசி வாரச் செலவு, மற்ற வாரங்களின் சராசரியைப்போல் 4.9 மடங்கு. அந்தக் கடைசி வாரத்தில் ஒப்பந்தமான தகவல்தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் தாழ்ந்திருந்தது. விலக்கு ஒன்று இருந்தது: நீதித் துறை. செலவாகாத பணத்தை மறு ஆண்டுக்குக் கொண்டுபோக அந்தத் துறைக்கு அனுமதி உண்டு. அங்கே கடைசி வாரத் தரச் சரிவைக் காணவில்லை.

பிரிட்டன் 1998-இல் துறைகளுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்துப் பார்த்தது. 2010 வாக்கில் துறைகள் சேர்த்து வைத்திருந்த உரிமைத் தொகை சுமார் 2,000 கோடி பவுண்டு. ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்டால் என்ன செய்வது என்று அஞ்சிய கருவூலம் அந்த முறையை ரத்து செய்து, கட்டுப்பாடான வேறொன்றைக் கொண்டுவந்தது. கனடா முதலிலிருந்தே அளவோடு நின்றது. இயக்கச் செலவில் 5 சதவீதம் வரை மறு ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். எனக்குக் கனடாவின் வழி நம் மாவட்டங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. சிறிய பங்கு, தெளிவான வரம்பு.

இந்தியாவிலும் காலாவதியாகாத பணம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், செலவாகாவிட்டால் லேப்ஸ் ஆவதில்லை. எம்.பி.க்குத் தரும் நம்பிக்கையைப் பாசனப் பிரிவு உதவிப் பொறியாளருக்குத் தர மறுப்பது ஏன்?

சேர்த்து வைக்கக் கூடாத பணம்

இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. சேமிப்பு என்று சொன்னவுடன் கைதட்டிவிடக் கூடாது.

ஆதிதிராவிடர் மாணவருக்குப் போக வேண்டிய உதவித்தொகை போகாமல் நின்றால் அது சேமிப்பு ஆகாது. முதியோர் ஓய்வூதிய மனுக்கள் தாலுகா அலுவலகத்தில் தேங்கியதால் மிஞ்சிய பணமும் ஆகாது. சத்துணவுக் கூடத்தில் ஆள் போடாததால் மிஞ்சிய சம்பளமும் ஆகாது. இவை பறிக்கப்பட்ட பணம். இப்படி நின்ற தொகைக்கு ஊக்கப் பங்கு தர ஆரம்பித்தால், மனுவைத் தள்ளிவைப்பதே திறமை என்று ஆகிவிடும். அந்த நாள் வரவே கூடாது. இந்த வகைப் பணம் நின்றால், முழுத் தொகையும் அதே மக்களுக்கென்றே மறு ஆண்டு ஒதுக்கீட்டில் கூடுதலாக வர வேண்டும். தெலங்கானா 2017-இல் இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சிறப்பு வளர்ச்சி நிதிச் சட்டத்தில் செலவாகாத தொகையை மறு ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வழி செய்திருக்கிறது. அலுவலகத்துக்கு அதில் ஒரு காசு லாபம் இருக்கக் கூடாது. ஏன் நின்றது என்று பதில் சொல்லும் கடமை மட்டும் இருக்க வேண்டும்.

காலாவதி ஆகாமல் இருந்தாலே போதும் என்பதும் இல்லை. மதுரை 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. பணம் இதற்கென்றே அமைத்த நிறுவனத்தின் கணக்கில் இருந்தது, மார்ச் 31 அதைத் தொடவில்லை. திட்டத்தின் கெடு நாடு முழுவதற்கும் மீண்டும் மீண்டும் நீண்டு 2025 மார்ச்சில் முடிந்தது. பெரியார் பேருந்து நிலையம் மூடிக் கிடந்த காலத்தில் அந்தத் தெருக்களில் கடை வைத்திருந்தவர்களுக்கும் பஸ் ஏறியவர்களுக்கும் தெரியும், கையில் பணம் இருப்பதும் வேலை முடிவதும் வேறு வேறு.

ஊக்கம் கொடுக்க வேண்டிய சேமிப்பு எது? வேலை முழுதாக முடிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டைவிடக் குறைவாக முடிந்திருக்க வேண்டும். தரம் நின்றிருக்க வேண்டும். டெண்டரில் மதிப்பீட்டுக்குக் கீழே விலை வரும்போது மிஞ்சும் தொகை இதற்குத் தெளிவான உதாரணம். பத்து லட்சம் மதிப்பீட்டில் எட்டரை லட்சத்துக்கு வேலை முடிந்தால், மிச்சம் ஒன்றரை லட்சம். இன்று அது மேலே போய்விடுகிறது. அதில் பாதி அதே பிரிவுக்கு வரத்துக் கால்வாய் தூர் எடுக்கக் கிடைக்கும் என்றால், பொறியாளர் மதிப்பீட்டை ஊதிப் போடமாட்டார், மிச்சத்தை மார்ச்சில் கரைக்கவும் மாட்டார்.

விலையைக் குறைத்துவிட்டு மண்ணையும் குறைத்துவிட்டால்? அதைக் கண்டுபிடிக்க நம் ஊரில் மழையைவிட நல்ல தணிக்கையாளர் இல்லை. சித்திரையில் கட்டிய கரை கார்த்திகை வரை நிற்கட்டும். அதன் பிறகு பங்கைக் கணக்கிடலாம்.

நம் ஊரிலேயே இருக்கும் முறைகள்

மிச்சம் பிடித்து மறு ஆண்டுக்கு வைப்பது மதுரைக்குப் புதிதில்லை. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்கள் ஜூலை முதல் ஜூன் வரையான பசலி ஆண்டில் கணக்கு வைக்கின்றன. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. ஆண்டு முடிவில் உபரி இருந்தால் அது கோயில் பெயரிலேயே நிற்கும். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உபரி நிதியை எதற்குச் செலவிடலாம், யார் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்காக வரும் தொகையில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் மீதி மருத்துவமனைத் தேவைகளுக்கும் போகிறது. மாநகராட்சியும் ஊராட்சிகளும் தங்கள் சொந்த வருவாயின் இருப்பை மறு ஆண்டுக் கணக்கின் தொடக்க இருப்பாக எடுத்துச் செல்கின்றன.

எல்லாவற்றுக்கும் பழையது கிராமத்துப் பொதுப் பணம். கண்மாய் மீன், கரை மரம் இவற்றின் ஏலத் தொகையை ஊரே வைத்துக்கொண்டு, மடை சரிசெய்யவும் நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி கொடுக்கவும் கோயில் திருவிழாவுக்கும் செலவு செய்த ஊர்கள் இந்தச் சமவெளியில் நிறைய. அந்தப் பணத்துக்குக் கெடு தேதி இல்லை. கணக்கு மட்டும் ஊர்க்கூட்டத்தில் வந்தாக வேண்டும்.

சிறிய பராமரிப்புப் பணம் கையில் இல்லாததன் விலையை நகரமும் பார்த்துவிட்டது. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர், பந்தல்குடி கால்வாய்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதன் பிறகுதான் செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குக் கால்வாய் அமைக்கச் சுமார் 12 கோடி ரூபாய் அறிவிப்பு வந்தது. புதுக் கால்வாய் அவசியம்தான். பெரிய தொகை வெள்ளத்துக்குப் பிறகு வருகிறது. அடைப்பு எடுக்கும் சின்னத் தொகை வெள்ளத்துக்கு முன் எந்த அலுவலகத்தின் கையிலும் தங்குவதில்லை.

மதுரையில் தொடங்கலாம்

இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம். தமிழக அரசு ஓர் ஆணை போட்டு, மதுரை மாவட்டத்துக் கண்மாய்ப் பராமரிப்புத் தலைப்பில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடம். இரண்டையும் சேர்க்க வேண்டும்.

நடைமுறை இப்படி அமையலாம். சித்திரை, வைகாசியில் வேலை முடிகிறது. மிஞ்சிய தொகையைப் பிரிவு அலுவலகம் ஒளிக்காமல் சரண்டர் செய்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கரையும் மடையும் தாங்கினவா என்று பார்க்கிறார்கள். தாங்கியிருந்தால், அந்த மிச்சத்தின் பாதி அடுத்த ஏப்ரலில் தொடங்கும் ஆண்டின் பட்ஜெட்டில் அதே பிரிவின் பெயரில், வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேல் கூடுதலாக, மானியக் கோரிக்கையில் தனி வரியாக வருகிறது. சட்டமன்றம் அதற்குப் புதிதாக ஓட்டளிக்கிறது. ஆண்டுக் கட்டுப்பாடு உடையவில்லை. பணம் வந்து சேரும் ஏப்ரலில் கண்மாயும் காய்ந்திருக்கும். முந்தைய ஆண்டு மிச்சத்தைக் காட்டி அடிப்படை ஒதுக்கீட்டை வெட்டக் கூடாது என்ற ஒரு வரி அந்த ஆணையில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துவிடும்.

வேலை நின்றதா இல்லையா என்று சான்று தருவது யார்? அலுவலகம் தனக்குத் தானே தரக் கூடாது. விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-இன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. மடையிலிருந்து தண்ணீர் கசிந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பங்கு கிடையாது என்று வைக்கலாம். ஆண்டுதோறும் மே, ஜூனில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் ஜமாபந்தி நடக்கிறது. ஊர்க் கணக்கு அங்கே வந்து, மக்கள் மனுவோடு அமர்ந்திருக்கும் நாள் அது. இன்ன கண்மாய்க்கு இவ்வளவு ஒதுக்கீடு, இவ்வளவு செலவு, இவ்வளவு மிச்சம், அதில் இவ்வளவு இந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது என்று அந்த மேடையில் கிராமம் கிராமமாக வாசிக்கட்டும். தொகையில் சந்தேகம் உள்ளவர் அங்கேயே எழுந்து கேட்கலாம். அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.